தொலையாத மோதிரம்

டீப்பாயின் நடுவில் கிடந்த போன் பேசிக்கொண்டிருந்தது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"...இப்ப அந்தப் பாட்டையே எடுத்துக்குங்க. முதல் சரணத்துல அவன் பஸ் ஸ்டாப்ல வழிய மறிக்கிறான், அவ முறைக்கிறா. அடுத்த சரணத்துல லைப்ரரி வாசல்ல மறிக்கிறான், அங்கயும் முறைக்கிறா. மூணாவது சரணம் வந்தா சிரிக்கிறா! முறைச்சவ எப்படிங்க சிரிச்சா? நடுவுல ஏதோ ஒரு காட்சிய வெட்டிட்டாங்க. அந்தத் துண்டு எங்க போச்சுன்னுதான் நான் தேடிக்கிட்டிருக்கேன்..."

போன் சம்பந்தியம்மாளுடையது. ஆகப்போகிற சம்பந்தி. போட்டோக்காரரின் மகள்களில் பெரியவளைத் தன் மகனுக்குக் கேட்டு, கல்யாணத் தேதியும் குறித்துவிட்டுப் போனவள். இன்று சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தாள். "இருங்க, நமக்கு வேண்டியது இன்னும் வரலை" என்று விரலால் பேச்சைத் தள்ளிவிட்டாள்.

"...சினிமாவ விடுங்க, நம்ம வீட்டுக் கல்யாண வீடியோவப் பாருங்க. மாப்பிள்ளை கேமராவ நேரா பார்ப்பாரு. பொண்ணுக்கு மட்டும் என்ன சொல்வாங்க? 'பாப்பா, கீழ மோதிரம் தொலைஞ்சு போச்சுன்னு நினைச்சுக்கோ. தேடு, தேடு. ஆங், கிடைச்சிடுச்சு. இப்ப மெல்ல நிமிர்ந்து லேசா சிரி.' கல்யாணமாகிற ஒவ்வொரு பொண்ணும் தரையில மோதிரம் தேடிக்கிட்டு நிக்கிறா. தொலையாத மோதிரம்! ஏங்க, மாப்பிள்ளை மட்டும் ஏன் எதையுமே தொலைக்க மாட்டேங்கிறாரு?"

சம்பந்தியம்மாள் பேச்சை நிறுத்தினாள். போட்டோக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த மோதிரம் அவருடையது. ஊரில் பாதிக் கல்யாணங்களைப் படம் பிடித்தவர் அவர்தான். எந்த மணப்பெண்ணும் சொன்னவுடன் சரியாகத் தலை குனிவதில்லை, வெறுமனே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்கிறாள் என்பது அவருடைய தொழில்முறைக் கவலை. அதற்காக அவரே கண்டுபிடித்த உபாயம் அது. மோதிரம் தொலைந்தது என்று சொன்னால் கழுத்து அழகாக வளையும், இமை தாழும், கிடைத்தது என்றால் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். இருபது வருஷமாக ஒருமுறைகூட அது பொய்த்ததில்லை.

அந்தக் குரலும் அவர் வீட்டுக் குரல்தான். சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற இளையவளை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷம் படிக்கிறவள். வீட்டில் அவளுக்குப் பெயர் ரேடியோ. வாய் ஓயாது என்பதால் அப்பா வைத்த பெயர்.

"முதல்ல கேட்டப்ப நானே சிரிச்சேன் சம்பந்தி," என்றாள் சம்பந்தியம்மாள். "பொய் சொல்வானேன்? சிரிச்சிட்டு எங்க ஆளுங்களுக்கெல்லாம் அனுப்பிட்டேன். அப்புறம் என் அண்ணன் மக போன் பண்ணினா. 'அத்தை, என் கல்யாணத்துல போட்டோக்காரர் என்கிட்டயும் இதேதான் சொன்னாரு'ன்னா. அவளுக்குப் படம் பிடிச்சது நீங்கதான். மறுபடி போட்டுக் குரலைக் கேட்டேன். அடிப் பாவி, நம்ம வீட்டுக்கு வரப்போறவளோட தங்கச்சியான்னு எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கேட்டுட்டு வாங்கின்னு என்னை அனுப்பிட்டு எங்க வீட்டு ஆம்பளைங்க ஒதுங்கிட்டாங்க. பொம்பளைங்க சமாசாரமாம்."

போட்டோக்காரர் எழுந்து உட்கார்ந்து மறுபடி எழுந்தார். "சின்னப் பொண்ணு, விளையாட்டா..." என்றார்.

"விளையாட்டு இல்லப்பா," என்றாள் ரேடியோ.

"வாயை மூடு!"

அவர் அவளிடம் அப்படிக் கத்தியது அதுவே முதல் தடவை. கெட்ட மனிதர் இல்லை அவர். மகள்கள் மேல் கை ஓங்கியதில்லை, நல்ல துணிமணி எடுத்துத் தருவார், படிக்க வைத்தார். ஆனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண்களின் போனுக்குப் பூட்டு கிடையாது. அம்மா, பெரியவள், ரேடியோ மூவருடைய போனும் விளக்கு வைத்த பிறகு பிரிட்ஜின் மேல் வரிசையாக மல்லாந்து கிடக்கும். போகிற வருகிற யாரும் எடுத்துப் பார்க்கலாம். அப்பாவின் போன் மட்டும் அவர் விரல் பட்டால்தான் திறக்கும், அதுவும் சட்டைப் பையைவிட்டு இறங்காது. "மறைக்கிறதுக்கு உங்களுக்கு என்ன இருக்கு?" என்று அவர் ஒருநாள் கேட்டபோது, "அப்ப உங்களுக்கு என்னப்பா இருக்கு?" என்று ரேடியோ திருப்பிக் கேட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கேட்டது கேள்வி என்பதே யாருக்கும் உறைக்கவில்லை. அவள் எது கேட்டாலும் அந்த வீட்டில் அதுதான் நடக்கும். சிரிப்பார்கள், கன்னத்தைத் தட்டுவார்கள், தண்ணீர் கொண்டுவரச் சொல்வார்கள்.

பூட்டில்லாத போனில் ரகசியம் எப்படித் தங்கும்? தங்கியது வேறு இடத்தில். முன்னால் ஸ்டுடியோ, பின்னால் வீடு, நடுவில் ஒரு சின்ன அறை. ஜன்னலை ஒட்டுப்பலகையால் அடைத்து, வெளியிலிருந்து சத்தம் வராமலிருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தை விரிப்புகளைத் தொங்கவிட்டிருந்த எடிட்டிங் அறை. அப்பாவுக்குக் கேமராவைத் தவிர எதுவும் வராது, கம்ப்யூட்டர் என்றால் காத தூரம் ஓடுவார். கூலிக்கு வைத்த ஆள் நின்றுபோனபோது ரேடியோ தானாகவே அந்த வேலையைக் கற்றுக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த அறையில் உட்கார்ந்து கல்யாணங்களை வெட்டி ஒட்டுவாள். வெட்டுவதில் பாதி அப்பாவின் குரல்தான். "குனி, நிமிரு, இந்தப் பக்கம், மோதிரம் தேடு" என்று அவர் சொல்வதையெல்லாம் எடுத்துவிட்டுப் பாட்டைப் போட வேண்டும். போட்டால் மணப்பெண் தானாகவே வெட்கப்பட்டதுபோல இருக்கும். ஊரில் எந்தக் கல்யாண வீடியோவிலும் அவர் குரல் கிடையாது. அவரே தன் குரலைக் கேட்டதில்லை.

வெட்டிய துண்டுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் அவளுக்குப் பேச்சு வந்தது. வேலை முடிந்ததும் அதே மைக்கில் பேசிப் பதிவு செய்து, 'ஒரு நிமிஷம் இருங்க' என்ற பெயரில் முகம் காட்டாமல் இணையத்தில் போட்டுவிடுவாள். படத்துக்குப் படம் ஹீரோவுக்கு வயசாகிறது, ஹீரோயினுக்கு ஏன் ஆகவில்லை? விளம்பரத்தில் அழுக்குச் சட்டையைக் கண்டு எப்போதும் அம்மாவே ஏன் அதிர்ச்சியாகிறாள்? திரையில் முகம் ஒருத்தியுடையது, குரல் இன்னொருத்தியுடையது, அந்த இரண்டாவது ஆள் பெயர் உங்களுக்குத் தெரியுமா? எங்கெங்கோ இருந்து பெண்கள் பதில் எழுதினார்கள். காற்று வராத அந்த அறையில்தான் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்னம்மா பண்ணணும்கிறீங்க?" என்று அம்மா கேட்டாள். பெண்ணைக் கல்யாணம் செய்து அனுப்பப் போகிறவளின் குரல் அது, பாதி கெஞ்சலாக இருந்தது.

"பெரிசா ஒண்ணும் வேண்டாம். எந்த இடத்துல பேசினாளோ அதே இடத்துல, முகத்தைக் காட்டி, தப்பு பண்ணிட்டேன்னு சொல்லட்டும். எல்லாரும் பார்த்த பிறகு அந்தப் பேச்சுக் கடையை மூடிடட்டும். நான் வீடு போய்ச் சேரும்போது அது வந்திருக்கணும். வந்திருந்தா குறிச்ச தேதி குறிச்சதுதான். வரலைன்னா..." சம்பந்தியம்மாள் பெரியவளைப் பார்த்தாள். "இந்தப் பொண்ணுக்காகத்தான் நான் வருத்தப்படுறேன்."

பெரியவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். வருகிறவர்களுக்குப் பிரேம் மாட்டிவிட்டு, "நல்லாருக்குங்க" என்று சொல்கிற அளவுக்குத்தான் பேசுவாள். தங்கையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

"எனக்காக ஒரு தடவை சொல்லிடுடி."

"நான் பேசினது தப்பா அக்கா?"

"தப்புன்னு நான் சொல்லலை. கல்யாணம் நின்னுபோனா அந்தக் கடையில நான் நிக்க முடியாது. யார் கண்ணாடி மாட்ட வந்தாலும் என்னைத்தான் பார்ப்பாங்க."

ரேடியோவுக்கு மறுக்க வழியில்லாமல் போனது. அப்பா கத்தியிருந்தால் எதிர்த்துக் கத்தலாம். சம்பந்தியம்மாள் மிரட்டினால் முறைக்கலாம். அக்கா பிடித்த கையை விடாமல் நின்றாள். அதை என்ன செய்வது?

ஸ்டுடியோவில் மணப்பெண்கள் உட்காரும் முக்காலியில் அவளை உட்கார வைத்தார்கள். பின்னால் நீலத்திரை, இரண்டு பக்கமும் விளக்கு. அந்த முக்காலியில் உட்கார்ந்த அத்தனை முகத்தையும் அவள் திரையில் பார்த்திருக்கிறாள், உட்கார்ந்து பார்த்ததில்லை. விளக்கு கண்ணைக் குத்தியது. எதிரில் இருப்பவர்கள் இருட்டாகத்தான் தெரிந்தார்கள். இத்தனை பேரும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்களா என்று நினைத்தாள்.

அப்பா கேமராவை ஓடவிட்டார். ஓடவிட்டால் கடைசிவரை நிறுத்தமாட்டார், அது அவர் பழக்கம். நிறுத்துகிற நேரத்தில்தான் நல்லது ஏதாவது நடக்கும், வெட்டுவதற்கு மகள் இருக்கிறாளே என்பார்.

பிளாஸ்டிக் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு சம்பந்தியம்மாள் வாசகம் எடுத்துக் கொடுத்தாள். "நான் சின்னப் பொண்ணு, தெரியாம பேசிட்டேன். சொல்லும்மா."

"நான் சின்னப் பொண்ணு. தெரியாம பேசிட்டேன்."

"யாரோ சொல்லிக் கொடுத்ததைப் பேசிட்டேன்."

ரேடியோ நிமிர்ந்தாள். "யாரும் சொல்லிக் கொடுக்கலை. நானேதான் யோசிச்சேன்."

"இந்த வயசுல ஒரு பொண்ணுக்குத் தானா இவ்வளவு தோணுமா? அப்படிச் சொன்னாதான் உனக்கு நல்லது. நானும் என் கல்யாணத்துல குனிஞ்சுதான் நின்னேன், எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

தப்பு என்று ஒப்புக்கொள்வதைக்கூட அவள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிடுவாள். தன் நினைப்பு தன்னுடையதே இல்லை என்று சொல்வதுதான் கசந்தது. ஆனாலும் சொன்னாள். அக்கா கையை விடாமல் நின்றது ஞாபகத்தில் இருந்தது.

"முகத்துல வருத்தமே இல்லையே சம்பந்தி," என்றாள் அந்த அம்மாள். "செய்தி வாசிக்கிற மாதிரி சொல்றா."

தொழில் என்று வந்துவிட்டால் போட்டோக்காரருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "குனி. இன்னும் குனி. கழுத்து வளையணும். பாப்பா, கீழ மோதிரம் தொலைஞ்சு போச்சுன்னு நினைச்சுக்கோ. தேடு."

சொன்னது யாரிடம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. ரேடியோவுக்கு உறைத்தது. அவள் தரையைப் பார்த்தாள். விளக்குக்குப் போகிற கறுப்பு ஒயரும், யாரோ மணப்பெண்ணின் தலையிலிருந்து விழுந்த ஒரு ஹேர்பின்னும் கிடந்தன. வேறொன்றும் இல்லை.

"கண்ணுல தண்ணி வந்தா நல்லாருக்கும்," என்றார் அப்பா. "உன்னால அக்கா கல்யாணம் நின்னு போச்சுன்னு நினைச்சுக்கோ. ஆங். அவ்வளவுதான். அப்படியே இரு."

தண்ணீர் வந்தது. சம்பந்தியம்மாள் திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். டீ வருகிறவரை பேச்சு வேறு பக்கம் போனது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"பெரியவளைப் பார்த்ததுமே எனக்குப் பிடிச்சுப்போச்சு சம்பந்தி. ஏன்னு கேளுங்க. பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம், ஒரு வார்த்தை பேசலை. இது வாயில்லாப்பூச்சி, வச்ச இடத்துல இருக்கும்னு மகன்கிட்ட சொன்னேன். அதைப் பார்த்துத்தாம்மா நானும் சரின்னேன்னான்."

"அது அப்படியே அவ அம்மா மாதிரி," என்று போட்டோக்காரர் சிரித்தார். நிம்மதியான சிரிப்பு. "இந்தப் பக்கம் நில்லுன்னா நிப்பா, அந்தப் பக்கம்னா அந்தப் பக்கம்."

அந்த அம்மாவும் மகளும் உள்ளே அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தார்கள்.

சம்பந்தியம்மாள் டீயைக் குடித்துவிட்டு, ரேடியோவின் தலையைத் தடவிவிட்டுக் கிளம்பினாள். உண்மையிலேயே பிரியமாகத்தான் தடவினாள். "சீக்கிரம் போட்டுடு பாப்பா, அவங்க வீடு சேர்றதுக்குள்ள," என்றார் அப்பா. "என் குரலை எடுத்துடு, வழக்கம்போல. அவங்க பேசினதையும் எடுத்துடு." அந்த அம்மாளை வழியனுப்பிவிட்டு ஸ்டுடியோவின் ஷட்டரையும் இறக்க வெளியே போனார்.

அறையில் உட்கார்ந்து ரேடியோ பதிவைத் திறந்தாள். திரையில் இருந்த பெண் தலைகுனிந்து அழுதாள். வெட்டுவதற்குக் கையே வேண்டியதில்லை, அவ்வளவு பழகிய வேலை. அப்பா பேசுகிற இடமெல்லாம் அலை அலையாகத் தெரிந்தது. அதை எடுத்துவிட்டால் அந்தப் பெண் தானாகவே குனிவாள், தானாகவே அழுவாள், தன் புத்தியே இல்லை என்று தானாகவே சொல்வாள். இத்தனை வருஷம் மற்ற பெண்களுக்கு இதைத்தானே செய்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. அந்தப் பாட்டில் காணாமல்போன துண்டைத் தேடிக்கொண்டிருந்தாள், ஊரான் வீட்டுத் துண்டையெல்லாம் வெட்டி எறிந்தவள் அவள்தான்.

கதவு திறந்தது. அக்கா ஒரு டம்ளர் டீயுடன் வந்தாள். "முடிஞ்சிடுச்சா?"

ரேடியோ ஹெட்போனைக் கழற்றி நீட்டினாள். அக்காவுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கூடச் செய்யவில்லை. தனியாகக் கேட்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அக்கா நின்றபடியே கேட்டாள். மோதிரம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு இடத்தில் கண்ணைத் திறந்தாள். பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். இன்னொரு முறையும் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தபோது டீயில் ஆடை படிந்திருந்தது.

"அன்னிக்கு அவர்கிட்ட நிறைய கேக்கணும்னு நினைச்சிருந்தேன்," என்றாள். "எப்ப பேசலாம்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். யாரும் கேக்கலைடி. அதனாலதான் பேசலை."

ரேடியோ அக்காவின் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தாள். "வெட்டிடவா?"

"எதையெல்லாம் வெட்டுவே?"

"அப்பா சொன்னது. அவங்க எடுத்துக் கொடுத்தது. உன்னைப் பத்திப் பேசினது. நான் மட்டும் இருப்பேன்."

அக்கா மூலையில் கிடந்த ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திறந்திருந்த கதவு வழியாக ஷட்டர் இறங்குகிற சத்தம் கேட்டது.

"மன்னிப்புக் கேக்கணும்னுதானே சொன்னாங்க," என்றாள் மெதுவாக. "கேட்டாச்சு. முழுசா போடு."

"அக்கா, தேதி..."

"போடுன்னு சொல்றேன்ல."

ரேடியோவின் விரல் எழவில்லை. எதற்கும் பயப்படாதவள் என்று பெயர் வாங்கியவள், அக்காவின் கல்யாணத்தைத் தன் கையால் அழுத்த முடியாமல் உட்கார்ந்திருந்தாள். பெரியவள் எட்டி மவுஸை வாங்கினாள். கடையில் பிரேமை மாட்டிவிடுகிற அதே நிதானத்தோடு அழுத்தினாள். பிறகு ஆறிப்போன டீயைத் தானே குடித்தாள்.

ஹாலில் பிரிட்ஜின் மேல் கிடந்த மூன்று போன்களில் ஒன்று சிணுங்கியது. அம்மா எடுத்துப் பார்த்தாள். பூட்டில்லாத போன், தொட்டதும் திறந்தது. அந்தப் பதிவை அதற்குள் யாரோ அனுப்பியிருந்தார்கள். அவளுடைய கல்யாணப் படம் எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தது. அதில் அவள் முகம் தெரியாது, வகிடு மட்டும்தான் தெரியும். சின்ன வயதில் ரேடியோ அதைக் காட்டி, "இது யாரும்மா?" என்று கேட்டிருக்கிறாள்.

அம்மா போனைக் காதோரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பகுதியைக் கேட்டாள். டீக்கு முந்தைய பேச்சு வந்தது. "அது அப்படியே அவ அம்மா மாதிரி" என்பது வந்தது, அதைத் தொடர்ந்த சிரிப்பும் வந்தது. அவள் முகம் மாறவில்லை. போனை டீப்பாயின் நடுவில் வைத்து, ஆரம்பத்துக்குக் கொண்டுபோய், சத்தத்தைக் கூட்டினாள்.

சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு போட்டோக்காரர் உள்ளே வந்தார். பெரிய கண்டம் தாண்டிய முகம். செருப்பைக் கழற்றும்போதே போனிலிருந்து ஒரு குரல் வந்தது. கரகரப்பான, அவசரமான குரல்.

"குனி. இன்னும் குனி. கழுத்து வளையணும்."

அவர் முகம் சுளித்தார். "யாரு அது? சின்னப் பொண்ணைப் போட்டு இப்படி வாட்டறான்?"

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணை எடுக்கவே இல்லை.

"நீங்கதான்," என்றாள்.

போன் மேற்கொண்டு பேசியது. "பாப்பா, கீழ மோதிரம் தொலைஞ்சு போச்சுன்னு நினைச்சுக்கோ. தேடு." அவர் நிறுத்தக் கை நீட்டினார். அம்மா போனின் மேல் கையை வைத்துக்கொண்டாள். எடிட்டிங் அறைக் கதவில் மகள்கள் இருவரும் வந்து நின்றார்கள். அந்தச் சமயத்தில் அவருடைய சட்டைப் பையில் இருந்த போன் அடிக்கத் தொடங்கியது. யார் கூப்பிடுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

போட்டோக்காரர் அதை எடுக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரை யாரும் குனியச் சொல்லவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.